ஏலமலைச் சரிவில் தளர்நடைக் குழந்தை

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் முதலாவதற்குக் 'காப்பு' என்றும், ஏறத்தாழப் பதின்மூன்றாம் மாதத்தில் குழந்தை தன் காலால் நடந்து வருவதைப் பாடும் பருவத்துக்கு 'வருகை' என்றும் பெயரிட்டிருக்கிறது. காப்புப் பருவத்தில் தெய்வங்களின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை வருகைப் பருவத்தில் தானே எழுந்து நினைத்த இடத்துக்குச் செல்லத் தொடங்குகிறது. அதுவரை வைத்த இடத்தில் கிடந்த பிள்ளை அதன்பின் வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட இந்தத் தளர்நடைக் காலம் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் கழிகின்ற குடும்பங்களில் ஒரு விதமாகவும், தாய் கூலிக்குச் செல்லும் இடத்தோடு பிணைந்து கழிகின்ற குடும்பங்களில் வேறு விதமாகவும் அமைகிறது. தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இருக்கும் போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே எழும் ஏலமலைச் சரிவுகளிலும், உழைக்கும் குடும்பத்துக் குழந்தை வீட்டைத் தாண்டிக் கால்வைத்த பொது இடம் என்பது பெரும்பாலும் ஏலக்காடாகவும், காய் உலர்த்தும் கூடமாகவும், மலைப்பாதையில் ஏறியிறங்கும் வண்டியாகவுமே இருந்தது. அங்கே குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது வேலியாலோ கதவாலோ வந்ததில்லை, அதன்மேல் யாரேனும் ஒருவர் வைத்திருந்த கண்ணால் வந்தது. அந்தக் கண் தாயுடையதா, அக்காளுடையதா, அப்பத்தாவுடையதா, கூலி பெற்ற ஆயாவுடையதா என்பது காலந்தோறும் மாறிய விதத்திலேயே இந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

வேலைக்கிடையே குழந்தையை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு இந்த மலைகளில் மிகப் பழைய விடையை வைத்திருப்பவர்கள் முதுவர் பழங்குடியினர். மதுரையை விட்டு மலையேறியபோது மீனாட்சியம்மையின் திருவுருவையும் தங்கள் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் 'முதுவர்' என்ற பெயர் அமைந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபுவழிக் கதை. பெயர்க்காரணம் மொழியியலார் ஒப்புக்கொள்வதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் அடையாளத்தையே குழந்தையைச் சுமக்கும் முறையிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. முதுவப் பெண்கள் சேலையைத் தோளில் முடிந்து, முதுகுப்புறம் தொங்கும் மடிப்பில் குழந்தையை இருத்திக்கொள்ளும் வழக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பும் பதிவு செய்திருக்கிறது. செங்குத்தான சரிவில் நடக்கும்போது கைகள் இரண்டும் பிடிமானத்துக்கு வேண்டியிருப்பதால் சமவெளிப் பெண்ணைப் போல இடுப்பில் இருத்திச் செல்வது மலையில் ஆபத்தானது. முதுகில் கட்டிய குழந்தையோ தாயின் எடைமையத்தோடு ஒட்டியிருப்பதோடு, ஓடுவதற்கு நிலத்தைத் தொடுவதுமில்லை. இம்முறை முதுவரின் சொந்த விளைநிலத்துக்கும் அவர்களே வகுத்துக்கொண்ட வேலை நேரத்துக்கும் பொருந்தியது. நாள் முழுதும் குனிந்து நின்று இன்னொருவருக்காகக் காய் எடுக்கும் கூலி வேலைக்கு அது பொருந்தாது என்பது பின்னர் வந்த தலைமுறைகளின் அனுபவம்.

அந்தக் கூலி வேலை எப்படி உருவாயிற்று என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகப் பொருளாக இருந்தது. விளைவித்தவர் காயை அரசிடமே ஒப்படைத்தாக வேண்டும். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன இக்காடுகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஆட்கள் காய்ப்பருவத்தில் ஏறி, பருவம் முடிந்ததும் இறங்கினர். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின், வடக்கே மூணாற்றில் தேயிலைப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அத்தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்கு வண்டியில் வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடி வரை ரயில் பாதை அமைந்தது. சரக்கு இறங்கிய வழியிலேயே மனிதர்கள் ஏறினர். கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பாளர் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே அழைத்துச் சென்ற முறையில், கணவனும் மனைவியும் மட்டுமல்லாமல் கைக்குழந்தையும் மலையேறியது. தோட்ட முதலாளிக்குத் தேவைப்பட்டவை உழைக்கும் கைகள் மட்டுமே. ஆனால் அக்கைகளோடு குழந்தைகளும் வந்தன, அக்குழந்தைகள் பகலில் எங்கே இருப்பது என்ற கேள்வியும் உடன் வந்தது.

தேயிலைக்கும் ஏலத்துக்கும் இடையிலான வேறுபாடு இங்கே முக்கியமானது. தேயிலைச் செடி இடுப்பளவில் சமமாகக் கவாத்து செய்யப்படுவது. கொழுந்து பறிப்பவள் நிமிர்ந்து நின்றால் மலைச்சரிவு முழுவதையும் பார்க்க முடியும். ஏலச்செடியோ ஆளுயரத்தையும் தாண்டி, 2 முதல் 4 மீட்டர் வரை வளரும் தண்டுகளின் அடர்ந்த தூராக நிற்பது. காய் தாங்கும் சரங்கள் அத்தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்கின்றன. எனவே காய் எடுப்பவள் தூரின் அடியில் குனிந்தோ குந்தியோ இருக்க, நாலைந்து அடி தள்ளி இருக்கும் குழந்தை இலைகளுக்குள் முற்றிலும் மறைந்துபோகிறது. காய்ப்பருவம் தென்மேற்குப் பருவமழையோடு தொடங்குவதால் மண் வழுக்கும், அட்டை ஏறும், ஓடைகளில் நீர் பெருகும். ஒரு செடியில் காய்கள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை என்பதால் அதே தூருக்கு ஏறத்தாழ நாற்பது நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. ஆகவே ஆடியிலிருந்து மாசி வரை தாயின் பார்வை தரையில் இருக்கும் சரத்தின் மேலேயே குவிந்திருக்கிறது. கண்ணால் காக்கப்படும் குழந்தைக்கு இதைவிடப் பாதகமான வேலை அமைப்பைக் கற்பனை செய்வது கடினம்.

ஆனால் அதே ஏலம் ஒரு வசதியையும் தந்தது. ஏலச்செடி நிழலில் மட்டுமே செழிப்பது என்பதால், தேயிலைக்காகக் காட்டை மொட்டையடித்தது போல ஏலத்துக்காக அடிக்கவில்லை. பெருமரங்கள் நின்றன, அவற்றின் தாழ்ந்த கிளைகளில் தூளி கட்ட முடிந்தது. பழைய சேலையை இரண்டாக மடித்துக் கிளையில் முடிந்து தொங்கவிடும் இந்தத் துணித்தொட்டில் தமிழ்நாட்டு வயல்வெளி எங்கும் உள்ளதுதான் என்றாலும், ஏலக்காட்டில் அதற்குக் கூடுதலான பயன் இருந்தது. தரையின் ஈரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் பாம்பிலிருந்தும் குழந்தையை உயர்த்தி வைப்பதோடு, சேலையின் இரு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்வதால் உள்ளிருக்கும் குழந்தை எளிதில் வெளியேறவும் முடியாது. தூளியின் எல்லை குழந்தை எழுந்து உட்காரக் கற்கும் நாள். தன் கையால் சேலையின் விளிம்பைப் பற்றி எம்பத் தெரிந்த குழந்தைக்குத் தூளி பாதுகாப்பாக இருப்பதைவிட உயரத்திலிருந்து விழும் இடமாக மாறுகிறது. அந்த நாளிலிருந்து குழந்தை தரைக்கு வருகிறது. தரையில்தான் சரிவும், ஓடையும், பூச்சிமருந்துத் தொட்டியும் இருக்கின்றன.

தரைக்கு வந்த குழந்தைக்குத் தமிழ் மரபு வைத்திருந்த காவல் முதன்மையாக ஒலி சார்ந்தது. காலில் தண்டையும் சதங்கையும், அரைஞாணில் கோத்த சிறுமணிகளும் அழகுக்கென்று கருதப்பட்டாலும், கண்ணுக்கு மறைந்த குழந்தை எத்திசையில் போகிறது என்பதைக் காதுக்கு அறிவிக்கும் கருவியாகவும் அவை செயல்பட்டன. சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் ஐம்படைத்தாலி, அதாவது திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவங்களைக் கோத்துக் குழந்தையின் கழுத்தில் அணிவிக்கும் காப்பணி, கண்ணுக்குத் தெரியாத தீங்குகளை நோக்கியது. சதங்கையோ கண்ணுக்குத் தெரியாமல் போகும் குழந்தையை நோக்கியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடும் போக்கு சரியன்று. எனினும் மழை இலைகளில் கொட்டும் ஓசையில் சதங்கை கேட்காது என்பதும், சமவெளிக் குழந்தைக்கு நடை பழக்கும் மூன்று சக்கர நடைவண்டி சரிவில் உருண்டோடும் பொருளாகிவிடும் என்பதும், ஊரின் அறிவை மலைக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாமைக்குச் சான்றுகள்.

ஆகவே தோட்டங்களில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த காவல், மூத்த பிள்ளைதான். ஆறேழு வயது அக்காள் இடுப்பில் தம்பியோ தங்கையோ இருக்கும் காட்சி பெருந்தோட்ட வாழ்க்கையைப் பதிந்த நிழற்படங்கள் பலவற்றிலும் காணப்படுவது. இதற்குப் பொருட்செலவு எதுவும் இல்லாததுபோலத் தோன்றினாலும், அக்காளின் பள்ளிக்கூடமே அதற்கான விலையாகச் சென்றது என்பதால், குழந்தைக் காப்பு வரலாறும் மலைத்தோட்டப் பெண்களின் எழுத்தறிவின்மை வரலாறும் பிரித்தெழுத முடியாதவை. மேலும், தானே ஓடியாடும் வயதிலிருக்கும் ஒரு சிறுமியின் கவனத்தை நாள் முழுதும் ஒரு சிறு குழந்தையின்மேல் நிற்கச் சொல்வது அவளுக்கும் அநீதி, குழந்தைக்கும் போதாத காவல்.

கூலி பெற்ற ஒருவர் பல தாய்மாரின் குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, தோட்டங்களுக்கு வருமுன் ஐரோப்பிய நகரங்களில் தோன்றியது. 1844இல் பாரிஸில் ஃபிர்மின் மார்போ என்பவர், ஆலைக்கும் சலவைக்கும் செல்லும் ஏழைத் தாய்மாருக்காக முதல் காப்பகத்தைத் திறந்தபோது அதற்குக் 'கிரெஷ்' என்று பெயரிட்டார். மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டி என்பதே அச்சொல்லின் பொருள், ஏசு பிறந்து கிடத்தப்பட்ட இடத்தை நினைவுபடுத்துவது. இலங்கையின் மலையகத் தமிழர் அதே ஏற்பாட்டைப் 'பிள்ளைக் காம்பரா' என்றும் 'பிள்ளை மடுவம்' என்றும் தம் சொற்களில் வழங்கினர். அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் 'காம்பரா'வாகித் தமிழோடு ஒட்டிக்கொண்டது. இப்பெயர்களில் இருக்கும் நெருக்கம் சட்ட நூல்களின் 'குழந்தைகள் காப்பகம்' என்ற சொல்லில் இல்லை. மலையகத்தின் பிள்ளைக் காம்பராக்களிலும் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே: லயம் எனப்படும் தொடர்வீட்டு வரிசைக்கு அருகில் ஓர் அறை, வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள், மலைவேலை செய்ய முடியாத அளவுக்கு வயதான ஒரு பெண் ஆயாவாக. பயிற்சி இல்லாவிட்டாலும் அந்த முதியவள் ஒரே வேலைக்காக அங்கே இருந்தாள் என்பதே பெரிய முன்னேற்றம். தேயிலைத் தோட்டத்தில் இது சாத்தியமானதற்குக் காரணம், நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே முதலாளியிடம் வேலை செய்து ஒரே லயத்தில் வாழ்ந்ததுதான்.

இந்த ஏற்பாடு முதலாளியின் விருப்பத்திலிருந்து கடமையாக மாறக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி குழு எனப்படும் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் காப்பகங்களின் தேவையை வலியுறுத்தியது. தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1946இல் வெளியான டி. வி. ரெகேயின் அறிக்கை, தோட்டங்களுக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்ற கருத்துக்கு வலுச்சேர்த்தது. விடுதலைக்குப் பின் 1951இல் நிறைவேறிய தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களது குழந்தைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உள்ள அறைகளை முதலாளி அமைத்து, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் நடத்த வேண்டும் என்று விதித்தது. ஒரு குழந்தையின் மேல் வைக்க வேண்டிய கண்ணுக்கு முதலாளியே கூலி தர வேண்டும் என்று இந்நாட்டில் தோட்டத் தாய்மாருக்காகச் சொன்ன சட்டம் இதுவே என்பதால் அதன் பெருமை சிறியதன்று.

ஆனால் அச்சட்டம் தேயிலையையும் காப்பியையும் ரப்பரையும் சிங்கோனாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படிதான் நாடு முழுவதற்குமான பட்டியலில் ஏலக்காயும் வெளிப்படையாக இடம்பெற்றது. அதே திருத்தம் 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்கள் வரை சட்டத்தின் எல்லையை இறக்கியதோடு, பெண்களின் எண்ணிக்கை ஐம்பதை எட்டாவிட்டாலும் அவர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றும், ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்கு வந்த பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. நல்லெண்ணம் மிக்க திருத்தம் இது. எனினும் ஏலமலையின் நிலவுடைமை அதற்குள் அடங்கவில்லை. ஏலத்தோட்டங்களில் மிகப் பெரும்பான்மையானவை சிறு உடைமைகள்; 2 ஹெக்டேரில் ஒருவர், 3 ஹெக்டேரில் இன்னொருவர் என்று ஒரே சரிவு பலருக்குப் பகுக்கப்பட்டுக் கிடக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் நூறு பெண்கள் காய் எடுத்தாலும், அவர்கள் பத்துப் பன்னிரண்டு முதலாளிகளின் கணக்கில் சிதறியிருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு காப்பகத்துக்கான குழந்தைகள் கூட இல்லை. எண்ணிக்கையை வைத்து உரிமையை வரையறுக்கும் சட்டம் பெருந்தோட்டத்துக்குப் பொருந்துவதும் சிறுதோட்டத்தைக் கைவிடுவதும் தவிர்க்க முடியாதது. அதே காலத்தில் ஏலச்செடி மட்டும் கவனிப்பின்றி விடப்படவில்லை: 1965இல் ஏலக்காய்க்கெனச் சட்டமும் அதன்வழி ஒரு வாரியமும், 1978இல் மைலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையமும், 1980களின் இறுதியில் விளைச்சலைப் பன்மடங்காக்கிய ஞள்ளானி என்ற வகையும் வந்தன. விளைச்சல் பெருகியபோது காய் எடுக்கும் நாட்களும் மருந்தடிக்கும் தடவைகளும் பெருகின.

மருந்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் தளர்நடைக் குழந்தையின் அபாயம் பெரியவரின் அபாயத்திலிருந்து வேறுபடும் இடம் அது. தண்டுத்துளைப்பானும் இலைப்பேனும் தாக்கும் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் இடைவெளி மிகக் குறுகியது. நிற்கும் பெரியவரின் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. குழந்தையின் மூக்கும் கையும் மருந்து படிந்த இலையின் மட்டத்திலேயே இருப்பதோடு, அந்த வயதில் கைக்கு வந்ததெல்லாம் வாய்க்குப் போகிறது. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் அதே அளவு மருந்து குழந்தைக்குப் பலமடங்கு தீங்கு செய்யும். முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் தெளித்ததால் காசர்கோட்டுக் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை நாடறிந்தது. எண்டோசல்பானை 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஏலக்காட்டில் வேறு மருந்துகள் தொடர்கின்றன. பசுங்காயை 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் உலர்த்தும் சூட்டறையையும், பாசனத்துக்காகப் பள்ளம் தோண்டிப் பிளாஸ்டிக் விரிப்பிட்டு நீர் நிரப்பிய குளங்களையும் இதனோடு சேர்த்தால், ஏலத்தோட்டம் ஏன் குழந்தையை உடன் கொண்டுசெல்லத் தகாத இடமாக மாறியது என்பது விளங்கும். விரிப்பிட்ட குளம் குறிப்பாகக் கொடியது. அதன் கரை வழுக்கலானது, விழுந்த குழந்தைக்குப் பற்றிக்கொள்ள ஒரு வேர் கூட அங்கில்லை.

குழந்தையை உடன் கொண்டுசெல்லாமைக்கு வேறு காரணமும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. போடி சென்னை மாநிலத்தில் நின்றது. மலைமேல் இருந்த தோட்டமும் அடிவாரத்தில் இருந்த வீடும் இரண்டு அரசுகளுக்கு உரியவையாகவே நீடித்தன. மலைப்பாதையில் மோட்டார் வண்டிகள் பெருகியபின், தோட்டத்திலேயே லயத்தில் தங்கும் முறை குறைந்து, போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையோ கம்பம்மெட்டுச் சாலையையோ கடந்து வேலைக்குச் சென்று, பொழுது சாயத் திரும்பும் முறை வழக்கமாயிற்று. முதலாளிக்கு வீடு கட்டித்தரும் செலவு இல்லை. தொழிலாளிக்குச் சொந்த ஊரை விட வேண்டியதில்லை. ஆனால் காப்பகம் என்ற உரிமை தோட்டத்தோடு பிணைந்தது, குழந்தையோ ஊரில் இருந்தது. கேரளத்தின் தோட்டத்தில் ஒரு காப்பகம் சட்டப்படி திறந்திருந்தாலும், நெரிசலான ஜீப்பில் இருட்டில் மலையேற்றி ஒரு வயதுக் குழந்தையை அங்கே கொண்டுசெல்ல எந்தத் தாயும் துணியமாட்டாள்.

அவ்வாறு துணியாமைக்கு நியாயம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் மூணாறு அருகே ராஜமலையில், பழனிக்குச் சென்று இரவில் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் ஒரு வயதுக் குழந்தை, உறங்கிப்போன தாயின் மடியிலிருந்து வளைவில் நழுவிச் சாலையில் விழுந்தது. காட்டு வழியில் தவழ்ந்து விளக்கொளி தெரிந்த வனத்துறைச் சோதனைச்சாவடியை அடைந்த அக்குழந்தையை ஊழியர்கள் மீட்டுப் பெற்றோரிடம் சேர்த்தனர். வண்டியில் இருந்த பெரியவர்கள் வீடு சேரும்வரை அறியவில்லை என்பதைக் கேட்டுப் பலர் அத்தாயைக் குறைகூறினர். மடி என்பது விழித்திருக்கும் கையால் மட்டுமே பாதுகாப்பாகும் இடம் என்பதையும், களைத்த உடலை உறக்கம் மீறும் என்பதையும் எண்ணினால் அக்குறை நில்லாது. அதே ஆண்டு நிறைவேறிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவரைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. பெஞ்சுப் பலகைகளில் நெருங்கி உட்காரும் மலை ஜீப்பில் பட்டை கட்டுவதற்கு இடமே இல்லை.

அடிவாரத்தில் விடப்பட்ட குழந்தைக்குத் தமிழ்நாடு வைத்திருந்த விடை பால்வாடி. தாராபாய் மோடக் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் ஊரில் 1940களில் உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகளின் வழியாகப் பரவிய இச்சொல், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி என்ற அலுவல் பெயர் வந்த பின்னும் தமிழ்நாட்டுத் தாய்மார் வாயில் நிலைத்துவிட்டது. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், போடி அன்று அடங்கியிருந்த மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை குன்றியவர்களுக்குச் சத்துணவு தருவது அதன் முறை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளைப் பகலில் ஒரு கூரையின்கீழ்க் கூட்டியது. இத்திட்டங்கள் பசியை நோக்கி வகுக்கப்பட்டவை, அதில் பெரும் வெற்றியும் கண்டவை. இவற்றின் மற்றொரு பயன், அதாவது ஓடும் குழந்தை சில மணி நேரமேனும் சாலையிலும் கண்மாய்க் கரையிலும் இல்லாமல் ஓரிடத்தில் ஓர் ஆயாவின் பார்வையில் இருந்தது என்பது, மதிப்பீட்டு அறிக்கைகளில் உரிய இடம் பெற்றதாகத் தெரியவில்லை.

ஆனால் கடிகாரம் ஒத்துவரவில்லை. பால்வாடி காலையில் திறக்கும்போது ஜீப் மலையேறி முடித்திருக்கிறது. பால்வாடி மூடும் பிற்பகலில் தாய் இன்னும் தூரடியில் இருக்கிறாள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நடக்கக் கற்றும் அபாயம் அறியாத அந்த மிக இடர்மிகுந்த ஓராண்டுக்கு, எடைபோட ஒரு நாள் உண்டே தவிர இருத்திப் பார்க்க ஓர் அறை இல்லை. 2006இல் ராஜீவ் காந்தி பெயரிலும், 2022 முதல் 'பால்னா' என்ற பெயரிலும் நடுவண் அரசு நடத்தும் காப்பகத் திட்டம் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொண்டு நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மலைவேலைக்காரியின் நாளோ பயணத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. இந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் போடியின் தெருக்களில் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும். இளமையில் தாங்களே ஏலக்காட்டில் காய் எடுத்து, முதுகும் முழங்காலும் தேய்ந்தபின் மலையேற இயலாமல் ஊரில் நின்றுவிட்ட பெண்கள் அவர்கள். ஓடுவதற்குக் கால் இல்லாதவர்களிடம் ஓடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளை ஒப்படைக்கப்படுகிறது. ஏலக்காயை அளவும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை போடியில் பல பெண்களுக்கு விருப்பமாக இருப்பதற்குக் கூலியைவிட இந்தக் காரணமே பெரிது எனக் கருத இடமுண்டு: நிழலில் உட்கார்ந்து செய்யும் அவ்வேலை வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது.

எல்லை சார்ந்த இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது 2011 டிசம்பரில் தெரிந்தது. முல்லைப்பெரியாறு அணை பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான சிக்கலில் இருபுறமும் பதற்றம் மூண்டபோது, கேரளத்தின் இடுக்கித் தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, சாலையைத் தவிர்த்துக் காட்டுப்பாதைகளில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு தேனி மாவட்டத்து அடிவாரங்களில் இறங்கின. மீனாட்சியைச் சுமந்து முதுவர் ஏறியதாகச் சொல்லப்படும் மலைகளில் எதிர்த்திசையில் அந்தக் கூட்டம் இறங்கியது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒரு புதிய வாசலைத் திறந்திருக்கிறது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் காப்பகம் கட்டாயம் என்ற விதியோடு, பல நிறுவனங்கள் தங்கள் பொருளை ஒன்றுதிரட்டிப் பொதுவான ஒரு காப்பகத்தை அமைத்துக்கொள்ளலாம் என்றும், அரசோ உள்ளாட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அது அனுமதிக்கிறது. சிறு ஏலத்தோட்டங்களின் சிதறலுக்கு எண்ணிக்கையால் விடை காண முடியாது, இணைவதால் காண முடியும் என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருப்பதாக இதைக் கொள்ளலாம். அப்பொதுக் காப்பகம் தோட்டத்தின் நடுவில் அமைவதைவிட, ஜீப்புகள் புறப்படும் அடிவாரத்தில், ஜீப்பின் நேரத்துக்குத் திறந்து ஜீப்பின் நேரத்துக்கு மூடுவதாக அமைந்தால்தான் போடித் தாய்மாருக்குப் பயன்படும். கட்டிடமற்ற வேலையிடங்களுக்குக் காப்பகமே தாயைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதை 1969இல் டெல்லியின் கட்டுமானத் தளமொன்றில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகங்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே மெய்ப்பித்துவிட்டன.

இதற்கிடையே மலையில் வேலை செய்யும் முகங்களும் மாறிவருகின்றன. அடிவாரத்து இளம்பெண்கள் ஏலக்காட்டைத் தவிர்த்து வேறு வேலைகளைத் தேடத் தொடங்கியபின், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தோட்டங்களின் பழைய லயங்களில் குடியேறியிருக்கின்றன. அவர்களுக்கு அடிவாரத்தில் அப்பத்தா இல்லை, பால்வாடியின் மொழி தெரியாது, குழந்தையை விட்டுவர ஓர் ஊரும் அருகில் இல்லை. ஆகவே தளர்நடைக் குழந்தை மீண்டும் தாயோடு காட்டுக்கே செல்கிறது. நிழல்மரத்தின் தாழ்ந்த கிளையில் மீண்டும் தூளி கட்டப்படுகிறது. தூளியை விட்டு இறங்கும் வயது வந்த குழந்தையை, தூரடியில் குனிந்திருக்கும் தாய்க்காக ஏழு வயது அக்காள் பார்த்துக்கொள்கிறாள்.